ஓய்வுக்கு முன் கடலோர ஊரொன்றைத் தெரிவுசெய்தல்: கொழும்பில் வசிப்போருக்கான வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீடொன்றில் இருபது, முப்பது வருடங்களைக் கழித்துவிட்டு, ஐம்பத்தைந்து வயதை நெருங்கும்போது "இனி எங்காவது கடற்கரைப் பக்கம் போய் இருப்போம்" என்று கணவனும் மனைவியும் பேசத் தொடங்குவது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. வாடகை, பராமரிப்புக் கட்டணம், மின்தூக்கி பழுதடைந்த நாட்களில் படியேற மறுக்கும் முழங்கால் என்று காரணங்கள் வீட்டுக்கு வீடு மாறும். கடலைத் தேடிப் போவதாகச் சொன்னாலும் கடல் வெள்ளவத்தையிலும் இருக்கிறது. புகையிரதப் பாதையைக் கடந்தால் போதும். தேடப்படுவது, ஓய்வுக்காலப் பணத்துக்குள் அடங்கும் ஒரு வீடும், வாசலில் கதிரை போட்டு அமரக்கூடிய ஒரு துண்டு நிலமும்தான். அதைத் தேடும்போது எவற்றை எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்பதே இங்கு சொல்லப்படுகிறது.

முதலில், மலிவு என்பதைக் காணி விலையால் அளக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கொழும்பிலிருந்து வெளியேறும் ஒருவரின் மாதச் செலவில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது, கொழும்புக்குத் திரும்பி வந்துபோகும் செலவு. கல்யாண வீடு, செத்தவீடு, விசேட வைத்திய நிபுணரைச் சந்திக்கும் நாள், கடவுச்சீட்டு அல்லது விசா வேலை, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கும் நாள் என்று வருடத்துக்கு எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்பதைக் கடந்த வருடத்து நாட்காட்டியை எடுத்துவைத்து எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவைக்கும் இருவருக்கான பயணச் சீட்டு, தங்குமிடம், வெறுங்கையோடு போக முடியாத இடங்களுக்குக் கொண்டுபோகும் பொருள் ஆகியவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் தொகையை, புதிய ஊரின் மாதச் செலவுடன் சேர்த்த பின்னரே அந்த ஊர் மலிவா இல்லையா என்று தீர்மானிக்க முடியும். கொழும்பிலிருந்து வீதி வழியாக நீர்கொழும்பு 40 கிலோமீற்றருக்கும் குறைவு. சிலாபம் ஏறக்குறைய 80, திருகோணமலை ஏறக்குறைய 260, மட்டக்களப்பும் மன்னாரும் 300 கிலோமீற்றருக்கு மேல், யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400. காணி விலையில் மிச்சம் பிடித்ததைப் பயணத்தில் விடுவோர் குறைவல்ல.

இந்தக் கணக்கின்படி தூரத்தில் உள்ள ஊர்கள் எல்லாம் தள்ளுபடி ஆகிவிடும் என்பதில்லை. உறவுகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கும் குடும்பத்துக்குப் பயணம் இப்போதே தலைகீழாக நடந்துகொண்டிருக்கும்; அவர்களுக்குப் பருத்தித்துறை செலவைக் குறைக்கும். பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்து வருடம் ஒருமுறை வருவார்களாயின், கட்டுநாயக்கவுக்கு அருகில் உள்ள நீர்கொழும்பு ஒரு இரவுத் தங்கலையும் வாகன வாடகையையும் மிச்சப்படுத்தும். பலாலியில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறக்கப்பட்டிருந்தாலும், சென்னைக்குப் போய்வருவோருக்கு உதவுமே தவிர, ரொறன்ரோவிலிருந்து வரும் மகனை அங்கே இறக்கிவிடாது.

ஊர்களைப் பொதுவாகப் பார்த்தால், மேற்குக் கரையில் நீர்கொழும்பு, சிலாபம், உடப்பு, புத்தளம், கற்பிட்டி ஆகியவையும், வடமேற்கில் மன்னாரும், வடக்கில் பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை ஆகியவையும், கிழக்கில் திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகியவையும் தமிழ் பேசுவோர் இயல்பாக வாழக்கூடிய கடலோர இடங்கள். தெற்கில் பேருவளையிலும் வெலிகமையிலும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தாலும், அங்கே கடலை ஒட்டிய காணிகளின் விலையை உல்லாசப் பயணத் துறை உயர்த்திவிட்டதால், ஓய்வூதியக்காரருக்கு அந்தப் பக்கம் இலகுவானதல்ல. இதே நிலை உப்புவெளி, நிலாவெளி, அறுகம்பை ஆகிய இடங்களுக்கும் பொருந்தும். ஆனால் திருகோணமலை நகரத்துக்குள்ளேயே கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே நகர்ந்தால் விலையும் இரைச்சலும் ஒன்றாகக் குறையும். யாழ்ப்பாண நகரையும் நல்லூரையும் பொறுத்தவரை, வெளிநாட்டுப் பணம் காணி விலையைத் தூக்கிவிட்டது. "ஊருக்குப் போனால் மலிவு" என்ற பழைய கணக்கை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். என் கணிப்பில், செலவு, வைத்தியசாலை, மொழி மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது மட்டக்களப்பு பலர் நினைப்பதைவிட முன்னால் நிற்கிறது. வெள்ளம் ஒன்றுதான் அதன் குறை. அதுவும் சிறிய குறையல்ல.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது ஊரின் மோசமான மாதம். ஏப்ரல் விடுமுறையில் போய் ஊரைப் பார்த்துத் தீர்மானிப்பவர் அந்த ஊரின் நல்ல முகத்தை மட்டுமே பார்க்கிறார். வடக்கிலும் கிழக்கிலும் ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை மழை. கிழக்கில் தாழ்ந்த காணிகளில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வெள்ளம் நிற்கும். மே முதல் ஓகஸ்ட் வரை மலைகளைத் தாண்டி வரும் கச்சான் காற்று மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பகல் வெப்பத்தை 35 பாகைக்கு மேல் கொண்டுபோகும். இரவில் மின்விசிறி சூடான காற்றைத்தான் சுழற்றும். மன்னாரிலும் கற்பிட்டியிலும் அதே மாதங்களில் சோழகக் காற்று மண்ணை வாரி வீட்டுக்குள் போடும். மன்னார்த் தீவில் 100 மெகாவாற்றுக்கு மேல் உற்பத்தி செய்யும் தம்பபவனி காற்றாலைகள் நிற்பதற்கும், கற்பிட்டியில் பட்டம் கட்டி அலைச்சறுக்கு விளையாடுவோர் கூடுவதற்கும் காரணமான காற்று, ஆஸ்துமாக்காரருக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஊரையும் அதன் மோசமான மாதத்தில் ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பது கட்டாயம்.

புயலையும் மறக்க முடியாது. 1964 டிசம்பர்ப் புயல் வடபகுதியையும் திருகோணமலையையும் தாக்கியது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு சிதைந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, நாவலடி, முல்லைத்தீவு ஆகிய இடங்களில் என்ன செய்தது என்பதை அந்த ஊர்களில் எவரும் சொல்வார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நெடுஞ்சாலைகளும் புகையிரதப் பாதைகளும் பல இடங்களில் தடைப்பட்டன. பார்க்கும் காணிக்கு அயலில் உள்ள ஒரு முதியவரிடம், "2004 இல் தண்ணீர் எதுவரை வந்தது, மாரியில் எத்தனை நாள் நிற்கும்" என்று கேட்டால், தரகர் சொல்லாத விடை கிடைக்கும். சுவரில் பழைய நீர்க்கறை இருக்கிறதா என்று முழங்கால் உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்ப்பதும் உதவும்.

இனித் தண்ணீர். கடலோரத்தில் வீடு தேடுபவர் கடலைப் பார்ப்பதற்கு முன் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்பது இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்தும் விடயம். மன்னார்த் தீவிலும் கற்பிட்டியிலும் நிலத்தடி நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படையாகவே இருக்கிறது. அதிகமாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலே ஏறிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். கல்லில் வெடிப்பு இருப்பதால், தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் அதே வழியால் கிணற்றுக்குள் வரும். கற்பிட்டியிலும் மணல் நிலத்து மரக்கறிச் செய்கையினால், உரத்திலிருந்து தண்ணீரில் கரையும் நைத்திரேற்றுப் பிரச்சினை உண்டு. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு.

ஆகவே காணியைப் பார்க்கப் போகும்போது, கொதித்தாறிய தண்ணீரில் கழுவிய ஒரு லீற்றர் போத்தலை எடுத்துச் செல்லுங்கள். மழைக்குப் பின் எடுத்த மாதிரி எல்லாக் கிணற்றையும் நல்ல கிணறாகக் காட்டும். ஓகஸ்ட், செப்ரெம்பரில் கிணறு வற்றி அடியில் மட்டும் தண்ணீர் கிடக்கும்போது எடுத்த தண்ணீரே உண்மை சொல்லும். அதை எப்படி எடுப்பது, எத்தனை மணித்தியாலத்துக்குள் கொடுப்பது என்று தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, உவர், நைத்திரேற்று, கிருமி மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் தேநீர் ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டு, கேத்தலை ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்க்கவும்: அடியிலும் ஓரத்திலும் வெண்சாம்பல் நிறத்தில் முட்டை ஓடு போல ஒரு படை படிந்திருந்தால், அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, நீர்சூடாக்கி நெடுநாள் நிற்காது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சுண்ணாம்புக் கல் நிலத்தில் அந்தத் தூரமும் போதாமல் போகலாம், அயல்வீட்டுக் குழி மதிலோடு ஒட்டி இருந்தால் உங்கள் அளவைக்குப் பயனில்லை. குழாய் நீர் வீதிவரை வந்திருக்கிறதா, வீட்டு இணைப்பு எப்போது கிடைக்கும் என்பவை இரு வேறு கேள்விகள். தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீரை எடுக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டதனால் குடாநாட்டின் நிலை மாறிவருகிறது. ஆனாலும் வாங்கும் வீட்டின் குழாயைத் திறந்து பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

வைத்தியசாலை விடயத்தில் "அருகில் ஆஸ்பத்திரி இருக்கிறது" என்ற வார்த்தை போதாது. பிரதேச வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலை, மாவட்டப் பொது வைத்தியசாலை, போதனா வைத்தியசாலை என்ற படிநிலையில் அது எது என்பதே முக்கியம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் போதனா வைத்தியசாலைகள் உள்ளன. திருகோணமலை, மன்னார், நீர்கொழும்பு ஆகிய இடங்களில் மாவட்டப் பொது வைத்தியசாலைகள். பருத்தித்துறையில் ஆதார வைத்தியசாலை. தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவும் உண்டு. உங்கள் வீட்டில் இருக்கும் வருத்தம் எதுவோ அதற்கான கிளினிக் வாரத்தில் எந்த நாள் நடக்கிறது, நிபுணர் நிரந்தரமாக இருக்கிறாரா, வெளியிலிருந்து வந்து போகிறாரா என்று நேரில் விசாரிக்க வேண்டும். சீனி வருத்தம், பிரஷர் மட்டும் என்றால் எந்த ஊரிலும் சமாளிக்கலாம். நெஞ்சு வருத்தமோ, சிறுநீரகத்துக்கு இரத்தச் சுத்திகரிப்போ தேவைப்படுபவர் போதனா வைத்தியசாலையிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு அப்பால் வீடு வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல. 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை இப்போது நாடு முழுவதிலும் இருக்கிறது. ஆனால் வண்டி ஒழுங்கைக்குள் திரும்புமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒன்பதடி ஒழுங்கையில் உள்ள காணி மலிவாகக் கிடைப்பதன் காரணம் அதுவே.

காணியின் பத்திரங்கள்தான் வடக்கு, கிழக்கில் அதிக கவனம் கேட்பவை. கொழும்பில் பேர்ச் கணக்கில் பழகியவர் யாழ்ப்பாணத்தில் பரப்பு என்ற அளவைச் சந்திப்பார்: ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். விலையை ஒப்பிடும்போது ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்ளவும். கிழக்கிலும் வன்னியிலும் மன்னாரின் சில பகுதிகளிலும் பெரும்பாலான காணிகள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசினால் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள் அல்லது அளிப்புக் காணிகள். இவற்றைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. "பேர்மிட் காணிதான், பரவாயில்லை, எழுதித் தருகிறோம்" என்று சொல்லப்படும் காணி விலை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம். அந்த எழுத்து உங்களை உரிமையாளர் ஆக்காது. முழு உரிமையையும் மாற்றித்தரும் அறுதி உறுதி உள்ள தனியார் காணியையே வாங்குங்கள்.

உறுதி இருந்தாலும், காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குக் குறையாத பதிவுகளை உங்கள் சொந்த நொத்தாரிசு மூலம் தேட வேண்டும். விற்பவர் கொண்டுவரும் நொத்தாரிசு விற்பவருக்கானவர். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) மூலம் விற்கும் காணிகள் யாழ்ப்பாணத்தில் மிக அதிகம். அந்தத் தத்துவம் பதியப்பட்டதா, இன்னும் வலுவில் உள்ளதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்ற மூன்றையும் உறுதிசெய்யாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். உரிமையாளரோடு காணொளி அழைப்பில் ஒரு தடவை பேசிவிட்டால் பல சந்தேகங்கள் தீரும்.

வட மாகாணத்தில், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைச் சட்டமும் உண்டு. அதன்படி பங்குக் காணியின் ஒரு பங்கை வெளியாருக்கு விற்க முற்பட்டால், ஏனைய பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்படவில்லை என்றால், நீங்கள் வாங்கிய பின்னரும் வழக்கு வரலாம். சீதன உறுதியால் பெண்ணுக்கு வந்த காணியை அவர் விற்கும்போது கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இவற்றை எல்லாம் விளங்கிய உள்ளூர் நொத்தாரிசைப் பிடிப்பதற்காகச் செலவிடும் பணம் வீண்போவதில்லை. செலவைப் பற்றிச் சொன்னால், உறுதி முடிக்கும்போது முத்திரை வரி முதல் 100,000 ரூபாவுக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் ஆகும். 5,000,000 ரூபாக் காணிக்கு அது மட்டும் 199,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம், நில அளவை, மதில் ஆகியவை புறம்பு.

கடலுக்கு அருகில் கட்டுவதென்றால் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். களப்பும் ஆறும் கடலோடு சேரும் இடங்களில் அது இன்னும் உள்ளே போகும். அந்த வலயத்துக்குள் வீடு கட்டவோ மதில் எழுப்பவோ கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மாரவிலப் பக்கத்திலும், துறைமுகம் கட்டிய பின் ஒலுவில், நிந்தவூர்ப் பக்கத்திலும் கடல் எவ்வளவு காணியைக் கொண்டுபோயிருக்கிறது என்று நேரில் பார்த்தவர்கள் கடற்கரை முன்வரிசைக் காணியைக் கேட்கவே மாட்டார்கள். முன்வரிசையில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று: யன்னல் கம்பி, பிணைச்சல், குளிரூட்டியின் வெளிப்பெட்டி எல்லாம் கறள் பிடிக்கும். பழைய வீடுகளில் கடல் மணல் கலந்து பூசியிருந்தால் சுவர் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். நகத்தால் சுரண்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மனிதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பில் அடுத்த கதவில் யார் என்று தெரியாமல் பத்து வருடம் வாழலாம். சிறிய கடலோர ஊரில் முதல் வாரத்திலேயே "நீங்கள் எந்த ஊர், யாருடைய ஆட்கள்" என்ற கேள்வி வரும். அது சிலருக்கு அரவணைப்பு, சிலருக்கு விசாரணை. மலையகத்தைச் சேர்ந்த கொழும்புக் குடும்பம், கலப்புத் திருமணக் குடும்பம் போன்றோருக்குக் கிராமத்தைவிட மட்டக்களப்பு, திருகோணமலை, நீர்கொழும்பு போன்ற கலந்து வாழும் நகரங்கள் ஒத்துவரும் என்பது என் அபிப்பிராயம். கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ நடந்துபோகும் தூரத்தில் இருப்பது, நினைப்பதைவிட அதிகமாகத் தனிமையைக் குறைக்கும். அலுவலக மொழியையும் கவனிக்கவும்: நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் பொலிஸ் நிலையமும் பிரதேச செயலகமும் பெரும்பாலும் சிங்களத்திலேயே இயங்கும்.

காலத்தைப் பொறுத்தவரை, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே தொடங்க வேண்டும். தனியார் துறையில் 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆகக்குறைந்த ஓய்வு வயது 60. ஆனால் ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம், வீட்டுத் தேவைக்காக அதற்கு முன்பே நிபந்தனைகளோடு 30 சதவீதம் வரை எடுக்கவும் வழி உண்டு. இந்தப் பணம் கைக்கு வந்த மாதமே காணி வாங்குவது மிகப் பொதுவான அவசரம். வங்கிக் கடன் எடுப்பவருக்கு ஓய்வு வயதுக்குள் கட்டி முடிக்கும் தவணையே கிடைக்கும் என்பதால், 57 வயதில் கேட்கும் கடனின் மாதக் கட்டணம் மலைக்க வைக்கும்.

என் ஆலோசனை, முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருப்பது. கொழும்பு வீட்டை விற்காமல் வாடகைக்குக் கொடுத்து, அந்தப் பணத்திலேயே புதிய ஊரின் வாடகையைக் கட்டலாம். பெரும்பாலும் மிஞ்சவும் செய்யும். ஒருவர் வேலையில் இருக்க வேண்டியிருந்தால் மற்றவர் முன்னே போய் இருப்பதும் உண்டு. கிழக்கு அல்லது வடக்கு என்றால் செப்ரெம்பரில் குடிபுகுவது நல்லது: வற்றிய கிணறு, அடுத்து மாரி, பின்னர் கோடை என்று எல்லாம் ஒரே ஒப்பந்தத்துக்குள் அகப்பட்டுவிடும். ஒப்பந்தத்தில் ஒரு வருடக் காலத்தையும், இடையில் வெளியேறுவதானால் முற்பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும், கிணறும் நீர்ப்பம்பியும் பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியை அந்த ஊர் வைத்தியசாலைக்கு மாற்றிக்கொண்டு, கிராம உத்தியோகத்தரிடம் பதிந்துகொண்டு, கொழும்புக்கு வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் செலவைக் கொப்பியில் குறித்துவைத்தால், அடுத்த செப்ரெம்பரில் காணி வாங்குவதா, இன்னும் ஒரு வருடம் வாடகையில் இருப்பதா, வேறு ஊர் பார்ப்பதா என்று தீர்மானிக்கத் தேவையான கணக்கு கையில் இருக்கும்.